நூல் கோத்துக் குடும்மா

கோத்துட்டியா? அதுக்குள்ளயா? சரி, இந்தா, இன்னொரு ஊசி. இதுக்குப் பச்சை நூல். நுனிய வாயில வச்சு நனைச்சுக்கோ, பரவாயில்ல. டீச்சர் பார்த்தா முகம் சுளிப்பாங்க, அவங்க அந்தப் பக்கம் திரும்பியிருக்கும்போதே முடிச்சுடு.

நீ இன்னைக்குத்தான் புதுசு. நான் இந்த லைப்ரரி மாடியில எம்பிராய்டரி வகுப்பு ஆரம்பிச்ச நாள்லருந்து வரேன். பெருசா ஒண்ணும் கத்துக்கல. இந்த இலையப் பாரேன், இலை மாதிரியா இருக்கு? பல்லி மாதிரி இருக்கு. டீச்சர் பாவம், நல்ல மனசு. முன்னேற்றம் தெரியுதுன்னு சொல்லிட்டு நகர்ந்துடுவாங்க.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல ஆபரேட்டரா இருந்தவம்மா. ஊர்ப்பட்ட பேரைப் பேச வச்சவ. வாய் நிக்காது, காது வலிச்சா சொல்லிடு.

வீட்டுலயா? நானும் ஃப்ரிட்ஜும்தான். அது அப்பப்ப உறுமும், நான் என்னடான்னு கேப்பேன். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துட்டார். பொண்ணு வெளியூர். குறையே சொல்ல முடியாது, வேணுங்கிறதையெல்லாம் ஆன்லைன்ல போட்டு விட்டுடுவா. மணி அடிக்கும், நான் எழுந்து கதவத் திறக்கிறதுக்குள்ள பொட்டி மட்டும் இருக்கும், ஆள் இருக்காது.

போன வாரம் மியூசியத்துலருந்து ஒருத்தர் வந்து பேசினார், நீ கேட்டிருக்கணும். கையுறை போட்டுக்கிட்டு ஒரு பழைய விரிப்பப் பிரிச்சார், கட்டில் அகலம் இருக்கும். அதத் திருப்பிப் பின்பக்கம் காட்டினார். ஒரு மூலையில தையல் இறுக்கம், ஒரு மூலையில தொளதொளன்னு கிடக்கு. நாலு பொம்பளைங்க நாலு பக்கமும் உக்காந்து தைச்சதாம். நடுவுல வர வர ஒருத்தி பூவுக்குள்ள இன்னொருத்தி நூல் போய் மாட்டியிருக்கு. முழங்கால் முழங்கால இடிச்சிருக்கும்ல, அவ்வளவு கிட்ட.

நான் சும்மா இருக்கலாம்ல? எழுந்து, நாமளும் இப்படி ஒரே துணியில தைப்போமான்னு கேட்டுட்டேன். டீச்சர் சிரிச்சாங்க. துணிய மாட்டித் தைக்க ஆளுக்கொரு வளையம் இருக்கே, எதுக்கு இடிச்சுக்கணும்னாங்க. எனக்கு அழுகையா வந்துடுச்சு. துணியப் பாக்கற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்.

அது போதாதுன்னு ஆளுக்கொரு சின்னக் கம்பி வேற குடுத்துட்டாங்க. ஊசிக் காதுல விட்டு இழுத்தா நூல் தானா வந்துடும். இனி யாரும் யாரையும் தொந்தரவு பண்ண வேண்டாமாம். என்னோடதா? தொலைஞ்சு போச்சு. வேண்டாம், உன்னோடத உள்ள வை. குடுத்தா அதையும் தொலைச்சுடுவேன்.

உங்கம்மாவுக்குப் பார்த்த கண் டாக்டரா? நீ நல்ல பொண்ணும்மா. டாக்டரெல்லாம் வேண்டாம். எனக்கு ஆபரேஷன் போன மழைக்காலமே ஆச்சு, இப்ப எல்லாம் பளிச்சுன்னு தெரியுது. நீ வாசல்ல செருப்பக் கழட்டும்போதே பார்த்தேன், உன் சட்டைக் கையில பட்டன் ஒண்ணு ஒத்தை நூல்ல ஆடிக்கிட்டிருந்துச்சு. என்ன பண்றது, நூல் கோக்கற நேரத்துலதான் ஒரு ஆள் என் தோள இடிச்சுக்கிட்டு உக்காருது.

பட்டனக் கழட்டாத, அப்படியே கைய நீட்டு. வெள்ளை நூல எடு. ஊசிய இங்க குடு, இதுக்கு நானே கோத்துக்குறேன்.