கடைசி ஸ்டாண்டு

வக்கீல்: …அதைத்தான் சொல்றேன் சம்பந்தி. நம்ம இசைக்குழு பேர்ல வர்ற பில்ஹார்மோனிக்னா கிரேக்கத்துல ரெண்டு வார்த்தை. முதல் பாதி பிரியம். ரெண்டாவது பாதி பொருத்தம். ஆதியில தச்சு வேலையில புழங்கினதாம். பலகையும் பலகையும் இடைவெளி இல்லாம சேர்றது. அப்புறம்தான் சங்கீதத்துக்கு வந்துச்சு.

டாக்டர்: புரோகிராம் புத்தகத்துக்கு நாலு வரி எழுதச் சொன்னாங்க. நீங்க என்னடான்னா, உள்ள கூப்பிடப்போற நேரத்துல பாடம் நடத்துறீங்க.

வக்கீல்: விஷயம் இருக்கு. அந்தப் பேர்ல பிரியம் இருக்கு. வாசிக்கத் தெரியணும்னு எங்கயாவது இருக்கா?

டாக்டர்: யார் மேல கேஸு?

வக்கீல்: சும்மா… பொதுவாச் சொன்னேன். வில்லை ஏன் ரெண்டு தடவை கீழ போட்டீங்க? இந்தக் கையை வச்சுக்கிட்டா பல்லு பிடுங்குறீங்க?

டாக்டர்: அங்க கத்துறது அடுத்தவங்க. இங்க நம்ம வயலின்ல…

நோட்டு அம்மா: எல்லாருக்கும் இசை நோட்டு கொடுத்துட்டுத் தேடுறேன், ரெண்டு பேரும் இங்கயா நிக்கிறீங்க? மாஸ்டர் கூப்பிடுறார். இருபது வயலின்ல பிசிறே இல்லாம கேட்கிறது நீங்க ரெண்டு பேரும் நோட்டு வச்சு வாசிக்கிற கடைசி ஸ்டாண்டுதானாம். மூணாம் பக்கத்தை நீங்க ரெண்டு பேர் மட்டும் வாசிச்சுக் காட்டணும். மத்தவங்க கேட்டுத் திருந்தணுமாம்.

டாக்டர்: தெரியும்மா… நேத்தே சொன்னீங்க. வில்லைத் துடைச்சுட்டு வர்றோம்.

நோட்டு அம்மா: சீக்கிரம். வக்கீல் சார், உங்க பொண்ணு வேற வந்து முன் வரிசையில உட்கார்ந்திருக்கு.

டாக்டர்: என் மருமகளா? அவ எதுக்கு வந்தா?

வக்கீல்: அந்தம்மா போயிட்டாங்க. சம்பந்தி… நீங்க தனியா வாசிங்க. எனக்குத் தோள்ல வலின்னு சொல்லிடுறேன்.

டாக்டர்: அது நான் சொல்லலாம்னு வச்சிருந்தது.

வக்கீல்: விளையாடாதீங்க. மூணு வருஷமா நீங்கதானே வாசிக்கிறீங்க. நான் பக்கம் திருப்புறதோட சரி.

டாக்டர்: என்ன சொல்றீங்க?

வக்கீல்: என் வில்லுல சத்தமே வராது. ரோசின் பிசின் தேய்ச்சாத்தானே கம்பியைப் பிடிக்கும்? நான் தேய்க்கிறது… சோப்பு.

டாக்டர்: சோப்பா?

வக்கீல்: திட்டிடுங்க. பிள்ளைங்க கல்யாணப் போட்டோல யார் நடுவுல நிக்கிறதுன்னு சண்டை போட்டு ஒரு வருஷம் பேசாம இருந்தோமே… அந்த மாதிரி மட்டும் ஆயிடக்கூடாது.

டாக்டர்: என்ன சோப்பு?

வக்கீல்: எந்தச் சோப்பா இருந்தா என்ன?

டாக்டர்: பச்சைக் கலரா? எலுமிச்சை வாசனையா?

வக்கீல்: …உங்களுக்கு எப்படித் தெரியும்?

டாக்டர்: இந்தாங்க. என் வில்லை மோந்து பாருங்க.

வக்கீல்: அடப்பாவி சம்பந்தி!

டாக்டர்: மெதுவா… உள்ள கேட்கும்.

வக்கீல்: அப்ப நம்ம பக்கம் இருந்து வந்த அந்த நாதம்? அவ்வளவு இனிமையா…

டாக்டர்: முன் ஸ்டாண்டுக்காரங்களா இருக்கும். நான் அதை உங்களுதுன்னு நினைச்சு மூணு வருஷம் பொறாமையில வெந்தேன்.

வக்கீல்: நான் மட்டும் என்ன… சரி, இப்ப என்ன பண்றது?

டாக்டர்: ரோசின் வச்சிருக்கீங்களா?

வக்கீல்: இருக்கு. வாங்கின உறையைக்கூடப் பிரிக்கல.

டாக்டர்: பிரிங்க. இந்த வில்லு ரெண்டையும் விடுங்க, சோப்பு போகாது. அதோ ஆணியில ரெண்டு வில்லு தொங்குது, அதுல தேய்ங்க.

வக்கீல்: மானம் போகும்.

டாக்டர்: போகட்டும். உங்க கிரேக்க வார்த்தைப்படி முதல் பாதி இருக்குல்ல நமக்கு?

வக்கீல்: அதுக்குக் குறைச்சலே இல்ல.

டாக்டர்: அப்ப வாங்க. நடக்கிறது நடக்கட்டும்.

வக்கீல்: இருங்க… ஒண்ணு கேட்கணும். எனக்குச் சோப்பு கொடுத்தது என் பொண்ணு. "மாமா அருமையா வாசிக்கிறார்ப்பா, நீங்க நடுவுல கீச்சுன்னு இழுத்து அவர் மனசைக் கெடுத்துடாதீங்க"ன்னா. உங்களுக்கு யார் கொடுத்தது?

டாக்டர்: அதே பொண்ணுதான். என்கிட்ட, "எங்கப்பா அருமையா வாசிக்கிறார் மாமா"ன்னா.