துடுப்பு இல்லாத இரண்டாவது தோணி

பெயர் பொன்னியம்மாள். வயது நாற்பத்தேழு. ரேஷன் கார்டில் ஐம்பத்திரண்டு என்று இருக்கிறது, அது கார்டு எழுதினவர் தப்பு. கணவர் பெயர் பாண்டியன். தொழில், பட்டுத்தறிக்கு டிசைன் அட்டை குத்திக் கோர்ப்பது. விலாசம், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம். படிப்பு மூன்றாவது. 1992ஆம் வருடம் ஆகஸ்ட் 21ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, வட்டாட்சியர் தணிகாசலம் ஐயா முன்பாக, காவல் உதவி ஆய்வாளர் இளங்கோவன் சாரும் உட்கார்ந்திருக்கும்போது, யாரும் கூப்பிடாமல் நானாக வந்து சொல்வது.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரருக்கு வரையத் தெரியாது. அவர் மயில் போட்டால் கோழி வரும், கோழி போட்டால் என்ன வரும் என்று நாங்கள் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் எங்களுக்கு வேலை கொடுக்கிற ஜவுளிக்கடை முதலாளி ராஜகோபாலிடம், டிசைன் எல்லாம் அவர் கையால் போட்டது என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். முதலாளி அவருக்குப் பொங்கலுக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தார், இவரும் கூசாமல் கட்டிக்கொண்டார். போட்டது யோகமலர்.

யோகமலர் இலங்கையில் கிளிநொச்சிப் பக்கம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். வயது முப்பத்துநான்கு. 1990இல் படகில் வந்தாள். அகதி என்று போலீசில் பதிவு செய்து, ஏனாத்தூரில் என் அண்ணன் வீட்டுப் பக்கத்து அறையில் தனியாகக் குடியிருந்தாள். மாதா மாதம் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டாள், ஒரு மாதமும் தவறவில்லை. நான் தவறாமல் செய்கிற காரியம் சாப்பிடுவது ஒன்றுதான்.

எங்கள் தொழிலில் டிசைன் முதலில் கட்டம் போட்ட கிராப் தாளில் ஏறும். ஒரு கட்டம் என்றால் இத்தனை இழை என்று ஓரத்தில் எண் எழுதுவோம். அந்தக் கட்டத்தைப் பார்த்து அட்டையில் ஓட்டை குத்துவோம். அட்டைகளைக் கயிற்றில் கோர்த்துத் தறிக்கு மேலே பெட்டியில் மாட்டினால் சேலையில் டிசைன் இறங்கும். தீபாவளி நெருங்குகிற மாதங்களில் புது டிசைனை அடுத்தவர் கண்ணில் காட்டமாட்டோம். காட்டினால் நமக்கு முன்னால் அவன் தறியில் ஏறிவிடும். அதனால் தாளை அரிசி டிரம்முக்குள் வைப்போம், பேர் எழுதமாட்டோம். யோகமலர் ஏனாத்தூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, மஞ்சள் பையை என் கையில் கொடுத்துவிட்டு, தெரியாதவள் மாதிரி எதிர்ப்பக்கம் போய்விடுவாள். இப்படிச் செய்யச் சொல்லிக் கொடுத்தது நான்தான். ஊரில் அட்டை வேலை செய்கிற எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். சந்தேகம் இருந்தால் ஐயா சைக்கிளில் ஒரு சுற்று சுற்றி வரலாம்.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்படி ஐயா சொன்னார்கள். இதுவரை ஐயா ஒன்றும் கேட்கவில்லை.

அதன் பிறகு சென்ற ஜூலை 8ஆம் தேதி புதன்கிழமை யோகமலர் சேலைக்குப் புதுக் கரை ஒன்று தாளில் வரைந்துகொண்டு வந்தாள். மயிலும் யாளியும் எல்லோரும் போடுகிறார்கள், நீ உன் ஊரில் பார்த்ததைப் போடும்மா என்று நான்தான் கேட்டிருந்தேன். வரிசையாகப் பனைமரம், அதற்குக் கீழே இரண்டு இரண்டாகத் தோணி. பார்த்ததும் எனக்குப் பேச்சே வரவில்லை, அது எங்கள் வீட்டில் அபூர்வம். ஆனால் முதல் தோணிக்காரன் கையில் துடுப்பு இருந்தது, இரண்டாவது தோணிக்காரன் கை வெறுமனே இருந்தது. “ஏன்டியம்மா, இவன் என்ன வேண்டுதலா, கையாலேயே தள்ளிக்கினு போறானா?” என்று கேட்டேன். அவள் சிரித்து, “பென்சில் முறிஞ்சு போச்சுது அக்கா, அந்தக் கட்டங்கள் விடுபட்டுப் போச்சு. நாளைக்கு வந்து வடிவாக் கீறித் தாறன்” என்றாள். தாளை அரிசி டிரம்மில் வைத்தேன்.

நாளைக்கு அவள் வரவில்லை. 9ஆம் தேதி காலை ஒன்பது மணிக்கு இளங்கோவன் சாரும் நான்கு போலீசும் வந்தார்கள். பஸ் நிறுத்தத்தில் பை கைமாறுவதை ஒரு மாதமாகப் பார்த்து வந்ததாகச் சொன்னார்கள். ஸ்ரீபெரும்புதூரில் அந்தக் கொடுமை நடந்த பிறகு இலங்கைக்காரர் யாரைப் பார்த்தாலும் இப்படித்தான், அதை நான் குறை சொல்லவில்லை, அவர்கள் வேலை அது. அதன் பிறகு அரிசி டிரம்மைத் தரையில் கவிழ்த்துத் தாளை எடுத்தார்கள். இளங்கோவன் சார் தாளை இப்படியும் அப்படியும் திருப்பி, “இது எந்தக் கடற்கரைம்மா? பனைமரம் அடையாளமா? எத்தனை படகு வருது? இந்த நம்பர் எல்லாம் என்ன? யார் போட்டது?” என்று கேட்டார். அந்த நேரம் வாசலில் தெருவே நின்றது, நடுவில் ராஜகோபால் முதலாளியின் கணக்குப்பிள்ளை சீனிவாசன் நின்றார். டிசைன் என்றுதான் சொன்னேன். யார் போட்டது என்பதற்கு மட்டும், எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். கணக்குப்பிள்ளை காதில் விழுந்து என் வீட்டுக்காரர் பேர் கெடக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன். அந்த ஒரு வார்த்தையை வைத்து, மறைக்கிறாள் என்று எழுதிக்கொண்டு, பத்து மணிக்கு ஏனாத்தூர் போய் யோகமலரை ஜீப்பில் ஏற்றினார்கள். அடுப்பில் அவள் வைத்த உலையை என் அண்ணிதான் இறக்கினாள்.

மறுநாளே ஸ்டேஷனுக்குப் போய், நான் பொய் சொன்னேன், டிசைன் அவள் போட்டது, சேலைக்குப் போட்டது என்று சொன்னேன். “நேத்து தெரியாது, இன்னைக்குத் தெரியுமா? போம்மா” என்றார்கள். ஒன்பது தடவை போனேன். வாசலில் நின்ற போலீஸ்காரர் என்னைப் பார்த்து, தினமும் வருகிறாயே, உன்னை இங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டார்களா என்று கேட்டார். சும்மா நிற்கிறவரைப் பார்த்து நான் கேட்க வேண்டிய கேள்வியை அவர் கேட்டார்.

அதன் பிறகு, தொழில் தெரிந்த ஒருவரைக் கேட்கலாம் என்று ஜூலை 11ஆம் தேதி எங்கள் பேட்டையில் தறி மேஸ்திரியாக இருக்கும் வீரபத்திரனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எங்களுக்குப் போட்டியாக டிசைன் இறக்குகிற ஆள் அவர் ஒருவர்தான், அவரையே கூப்பிட்டார்கள். அவர், நிதானமாகப் பார்த்துச் சொல்கிறேன் என்று தாளை இரண்டு நாள் வீட்டுக்குக் கேட்க, இவர்களும் கொடுத்திருக்கிறார்கள். நாட்டுக்கே ஆபத்தான ரகசியம் என்று என் அரிசியைக் கொட்டி எடுத்த தாள், சார். 13ஆம் தேதி அவர், இது சேலை டிசைன் மாதிரித் தெரியவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த எழுத்தை வைத்து யோகமலரைப் பெண்கள் காப்பகத்தில் அடைத்து, வருகிற திங்கட்கிழமை சிறப்பு முகாமுக்கு அனுப்ப உத்தரவு ஆகியிருக்கிறது. அங்கே போனவர்கள் எப்போது வருவார்கள் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

இந்த மாதம் 19ஆம் தேதி புதன்கிழமை காந்தி ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன். ஒரு கடைக் கண்ணாடிக்குள் சிவப்புச் சேலை. கரையில் ஜரிகையில் பனைமரம், கீழே இரண்டு இரண்டாகத் தோணி. உள்ளே போய் இது யார் தறி என்று கேட்டேன். வீரபத்திரன் தறி, இந்த வருடத்துப் புது இறக்கம், பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள் என்று கடைக்காரர் சொன்னார். பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டிவிட்டுச் சாயங்காலம் திருப்பித் தருகிறேன் என்று சொல்லி, இன்று காலை அந்தச் சேலையை வாங்கி வந்திருக்கிறேன். எனக்குப் பெண் கிடையாது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சேலையை ஐயா மேசையில் விரித்தேன். பக்கத்தில் போலீஸ் எடுத்த தாளை வைக்கச் சொன்னேன். முதல் தோணிக்காரனுக்குத் துடுப்பு இருக்கிறது. இரண்டாவது தோணிக்காரனுக்கு இல்லை. தாளிலும் இல்லை, சேலையிலும் இல்லை. முழத்துக்கு முழம், இரண்டாவது ஆள் ஒவ்வொருவனும் வெறுங்கையோடு போகிறான். முறிந்த பென்சிலைக்கூட விடாமல் நெய்திருக்கிறார். சேலைக்கு ஆகாத தாளென்று எழுதிக் கொடுத்த கைதான் இதைச் சேலையாக்கி விற்கிறது. அவர் வெளியே தீபாவளி வியாபாரம் பார்க்கிறார், போட்டவள் உள்ளே இருக்கிறாள். இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டேன். இளங்கோவன் சார் குனிந்து ஒரு முழம் வரைக்கும் பார்த்தார். பிறகு, “அவர் பெரிய மனுஷர்னு நெனைச்சோம்” என்றார். “கணக்கு டீச்சரை என்னன்னு நெனைச்சீங்க?” என்று கேட்டேன்.

வட்டாட்சியர் ஐயா தாளையும் சேலையையும் கட்டம் கட்டமாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, வீரபத்திரனைக் கூட்டி வரச் சொன்னார்கள். திங்கட்கிழமை அனுப்பும் உத்தரவின் மேல் சிவப்பு மையில் எழுதினார்கள். என் படிப்புக்கு அதில் ‘நிறுத்தி’ என்ற ஒரு சொல்தான் வாசிக்க வந்தது. எனக்கு அது போதும்.

எழுத்தர் இதை முழுக்கப் படித்துக் காட்டினார். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது. வீரபத்திரனைத் திட்டின இரண்டு வார்த்தையை மட்டும் ஐயா எழுதவேண்டாம் என்றார்கள், சரி என்றேன். யார் மிரட்டியும் சொல்லவில்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. நான் எழுதுகிற கையெழுத்து போதாது என்று எழுத்தர் சொன்னதால் இடது பெருவிரல் ரேகையும் வைத்தேன்.

(ஒப்பம்) பொன்னியம்மாள்

ரேகை வைத்த பிறகு சேர்த்தது: சாயங்காலம் கடையில் திருப்பித் தருவதற்காகச் சேலையை நான் மடித்தேன். மை துடைக்கத் துணி கொடுக்கப்படவில்லை. முந்தானையில் மூன்று இடத்தில் ரேகை விழுந்திருக்கிறது. மூன்றும் என்னுடையதுதான்.