இடது பக்கத்துத் தகடு

— நேத்து மார்க்கெட்ல இருந்து ரெண்டு மணிக்குத்தானே வந்தீங்க, அத்தே?

— ஆமா. எதுக்குக் கேக்கே?

— ஒங்க நிக்கரத் துவைக்க எடுத்தேன். அதுல இடுப்புக்கு வச்சுத் தச்ச இடது பக்கத்துத் தகடு விரிசல் விட்டிருக்கு. பாருங்க.

— சாமான்னா ஒடையத்தான் செய்யும். சாயாவக் குடு.

— விழுந்தா இடுப்பெலும்பு ஒடையக் கூடாதுன்னு டாக்டர் போடச் சொன்னது. சும்மா ஒடையாது. எங்க விழுந்தீங்க?

— விழலை. வெங்காய வண்டி இடிச்சிது.

— வண்டி இடிச்சா முட்டியிலதானே இடிக்கும்? இது தரையில விழுந்த அடி.

— ஏட்டி, நீ எப்ப போலீஸ்ல சேந்தே?

— தமாஷ் வேண்டாம். மார்க்கெட்லதானே விழுந்தீங்க?

— மார்க்கெட்ல விழலை. மாரியம்மா மேல ஆணை.

— பின்னே எங்க? வீட்ல நான் இருந்தேனே. ரெண்டு ரூம் வீடு. பூனை தும்முனாக்கூட எனக்குக் கேக்கும்.

— கேக்குமா?

— பின்னே கேக்காதா? மார்க்கெட்லதான் விழுந்திருக்கீங்க. ஒங்க மகன்ட்ட சொல்லப் போறேன்.

— சங்கர்ராம்ட்ட சொல்லாத, கங்கா.

— இன்னொரு தடவ விழுந்தா கருவேப்பிலை வித்தது போதும், பள்ளுருத்திக்கு மக வீட்டுக்குப் போயிருன்னு அவருதானே சொன்னாரு?

— அங்க எனக்குக் கால் நீட்ட எடமில்லை. மட்டாஞ்சேரி மார்க்கெட்ல இருபத்தாறு வருசமா அந்த ஒரு சாக்குலதான் ஒக்காந்திருக்கேன். எந்திரிச்சா அடுத்தவ அவ சாக்க விரிச்சிருவா.

— நாளைக்கு இடுப்பு ஒடிஞ்சு படுத்தா, மக வந்து அள்ளுவாளா? நான்தானே அள்ளணும்?

— நீதான். இல்லைங்கலை. கதவோரம் இருக்கிற அந்தப் பையில என் சேலையெல்லாம் யாரு மடிச்சு வச்சா?

— அலமாரியத் துடைச்சேன்.

— நேத்துச் சாயங்காலமே வச்சிருந்துது. தகட இன்னைக்குத்தானே பாத்தே?

— நான் அவருக்குப் போன் போடறேன்.

— போடு. பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லு. ரெண்டேகாலுக்கு. பைப்பப் புடிச்சுத்தான் எந்திரிச்சேன்.

— நம்ம பாத்ரூம்லயா? ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்ல, அத்தே? டிவி ஓடிட்டிருந்துது. எனக்கு ஒண்ணும் கேக்கலை.

— ஓடுச்சு. கங்கான்னு கூப்பிட்டேன், டிவி சத்தத்தக் கொறைச்சே. மறுபடி கூப்பிட்டேன். அப்ப எதுக்குட்டி சத்தத்தக் கூட்டி வச்சே?