இன்னும் கட்டாத இயந்திரம்

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போகும் காலைப் படகில் எனக்கு முன்னால் இரண்டு ஆசிரியர்கள் இருந்தார்கள். ஆண் பௌதிகம் படிப்பிப்பவர். பெண் சமயம்.

"இல்லாத சாமானைத் தேட, இன்னும் கட்டாத மிசினிலை அவனுக்கு வேலை, ரீச்சர்," என்றார் பௌதிக ஆசிரியர்.

"ஆருக்கு, சேர்?"

"வெள்ளிக்கிழமை எங்கடை பள்ளிக்கூடத்திலை பேச வாறவருக்குத்தான். என்னோடை படிச்சவன். வகுப்பிலை நான் முதலாம் பிள்ளை, அவன் இரண்டாம் பிள்ளை. இப்ப மாதத்துக்கொரு நாட்டிலை நிண்டு முகநூலிலை படம் போடுறான். தேடினது கிடைச்சதெண்டு ஒருநாளும் போடேல்லை."

"எல்லாத்தையும் பாக்கிறியள் போலை."

"கண்ணிலை படுது."

"பள்ளிக்கூட அதிபர் உங்களையெல்லோ அறிமுக உரை செய்யச் சொன்னவர்?"

"எனக்கு ஏலாது. நீங்கள் செய்யுங்கோ."

"நான் என்னத்தைச் சொல்ல? அந்த மிசின் என்ன செய்யும்?"

"இலத்திரன், பொசித்திரன் எண்ட அணுவிலும் சின்னத் துணிக்கையளை மோத விடும். உள்ளுக்குப் போன சக்தி எவ்வளவெண்டு சரியாத் தெரியும். வெளியிலை வந்த சக்தியைக் கூட்டிப் பாப்பினம். குறைஞ்சால், கண்ணுக்குத் தெரியாத புதுத் துணிக்கை ஒண்டு அதைக் கொண்டு போயிருக்கலாம்."

"எனக்கே விளங்குது, சேர். அவர் இப்பிடிச் சொல்லுவாரோ?"

"அவனோ? சோதினைக்கு முதல் அவனுக்குப் பௌதிகம் சொல்லிக் குடுத்ததே நான்."

"அப்ப நீங்களே பேசுங்கோ."

படகு நெடுந்தீவின் மாவிலித்துறையில் அணைந்தது. பையைத் தூக்கிக்கொண்டு எழும்போது பௌதிக ஆசிரியர் சொன்னார்:

"உரையை நான் செய்யிறன். பொன்னாடையை வேறை ஆரும் போர்க்கட்டும்."