நளினிக்குப் போட்ட கர்ச்சீப்

அன்பால் இந்த அவையை ஆள்கின்ற தலைவர் ஐயா அவர்களே! ஆலயத்தின் ஆயர் அவர்களே! இருட்டுத் தங்கச் சுரங்கத்தில் இறங்கி உழைத்து, எங்களை வெளிச்சத்தில் வளர்த்த பெரியவர்களே! அடுப்பில் கொதித்த குழம்பை அப்படியே இறக்கி வைத்துவிட்டு ஆண்டவர் வார்த்தைக்கு ஓடி வந்திருக்கும் அன்னையரே! பெங்களூர் வண்டியில் வந்திறங்கி, முகம்கூடக் கழுவாமல் பின்வரிசையில் கொட்டாவி விடுகிற என் உடன்பிறப்புகளே! உங்கள் அனைவருக்கும் உங்கள் சகோதரி மங்களத்தின் மாலை வணக்கம், தோத்திரம்!

ரோனி அண்ணே, ரோனி அண்ணே! வருகிறவர்களை உட்கார வைக்கிற அவசரத்தில் முன்வரிசை நாற்காலியில் கிடக்கிற அந்த நீலக் கர்ச்சீப்பை எடுத்துவிடாதீர்கள். யாரும் மறந்துவிட்டுப் போனதில்லை அது. காரணத்தை நானே சொல்கிறேன்.

“நம் விசுவாசத்தைக் கேள்வி கேட்பவருக்கு என்ன பதில்?” இதுதான் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. என்ன பதில் சொல்வோம்? எங்கிருந்து சொல்வோம்? மேடையில் நின்று சொல்வது எளிது. ரயில் பெட்டியில், முகத்துக்கு நேரே, அழுத கண்ணோடு ஒருத்தி கேட்டால்?

நம்மூர் வண்டி வழக்கம் உங்களுக்குத் தெரியும். மாரிகுப்பத்தில் ஏறுகிறவர்கள், வழியில் கோரமண்டல் நிலையத்தில் ஏறப்போகிறவர்களுக்கு இருக்கையில் கர்ச்சீப் போட்டு இடம் பிடிப்போம். எந்தச் சட்டத்திலும் இல்லாத சட்டம், எந்தச் சண்டைக்காரனும் மதிக்கிற சட்டம்! ஆனால் பங்காருபேட்டை வரைக்கும்தான் அதற்கு மதிப்பு. அங்கே கூட்டம் திமுதிமுவென்று ஏறும். ஆள் வரவில்லையென்றால் கர்ச்சீப்பை எடுத்துவிட வேண்டும்.

எங்கள் பெட்டியில் காலைதோறும் ஜெபம் நடத்துகிறவர் மோசஸ் அண்ணன். தபால் வழியில் வேதம் படித்தவர். கடவுள் இல்லை என்று யாராவது வாய் திறந்தால் போதும், அண்ணனுக்கு அன்றைக்குச் சிற்றுண்டியே வேண்டாம்! சிரிக்காதீர்கள், அதோ சுவரோரம் நின்று அவரும் சிரிக்கிறார்.

கோரமண்டலில் ஏறுகிறவள் நளினி. வெள்ளிக்கிழமை விளக்கேற்றி முருகனைக் கும்பிடுகிற வீட்டுப் பெண். அவள் தம்பி உதய் நோயில் விழுந்தபோது, “எங்க உதய்க்காக நீங்களும் வேண்டிக்கங்கண்ணா” என்று எங்களிடம் வந்தாள். பெட்டியே வேண்டியது. “பொழச்சி எழுந்து வருவான், பாரும்மா” என்று மோசஸ் அண்ணன் அடித்துச் சொன்னார். உதய் வரவில்லை, தாய்மாரே. அந்தப் பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய நளினி, வண்டியில் எங்கள் எதிரே உட்கார்ந்து கேட்டாள்: “உங்க ஆண்டவரு அப்ப இன்னா பண்ணிக்கினு இருந்தாரு?”

மோசஸ் அண்ணன் பதில் சொன்னார். மனிதனுக்குத் தந்த சுதந்திரம் என்றார். பாவத்தால் பழுதான உலகம் என்றார். மறுமையில் விளங்கும் என்றார். அதில் ஏதாவது பொய்யா? இல்லை. ஏதாவது அவள் நெஞ்சில் இறங்கியதா? அதுவும் இல்லை!

“நான் இன்னா பரீட்சையா வெச்சேன்? எந்தம்பி செத்துட்டான்ணா” என்றாள். பங்காருபேட்டையில் இறங்கி வேறு பெட்டிக்குப் போய்விட்டாள். இந்தப் பெண்ணை இனி எந்த வார்த்தை சொல்லி அழைப்பது?

மறுநாள் மோசஸ் அண்ணன் அவளுக்குக் கர்ச்சீப் போட்டார். அவள் வரவில்லை. பங்காருபேட்டை வந்தது. அவர் அதை எடுக்கவில்லை! “யாருங்க வரப்போறாங்க, பேயா?” என்று ஏறியவர் ஒருவர் கத்தினார். அண்ணன் எழுந்து, தன் இடத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு நின்றார். முட்டிவலிக்காரர், பெங்களூர் வரைக்கும் நின்றார். அடுத்த நாளும் நின்றார். அதற்கடுத்த நாளும் நின்றார்.

“நேர்ல போய்ப் பேசுங்களேண்ணா” என்றேன்.

“பேசித்தானேம்மா தொரத்துனேன். இன்னும் இன்னாத்த பேசறது?” என்றார்.

ஒரு நாள் பெங்களூர் கன்டோன்மென்ட்டில் இறங்கி நடந்த நளினி எங்கள் ஜன்னலைப் பார்த்துவிட்டாள். மூச்சுவிட முடியாத கூட்டம், கம்பியைப் பிடித்துக் கால் மாற்றி நிற்கிற மோசஸ், நடுவே காலியாக ஓர் இருக்கை, அதன்மேல் நீலக் கர்ச்சீப்! மறுநாள் காலை கோரமண்டலில் எங்கள் பெட்டியில் ஏறினாள்.

“இன்னாத்துக்குண்ணா இது?”

“நீ கேட்டதுக்கு எனக்குப் பதில் தெர்லம்மா. அன்னிக்கே அத்த சொல்லியிருக்கணும்.”

அவள் உட்கார்ந்தாள். “கேள்வி இன்னும் அப்பிடியேதான்ணா கீது.”

“இருக்கட்டும்மா. அத்தயும் மடியில வெச்சிக்கினு உக்காரு.”

அழுதாள் அவள். அழுதார் அவர். பங்காருபேட்டையில் ஏறியவர்கள்கூட அன்றைக்கு இடத்துக்குச் சண்டை போடவில்லை.

வேதத்திலே, பெத்தானியாவில் உடன்பிறந்தவனை இழந்த சகோதரிகள் இருவர் நம் ஆண்டவர்முன் நின்றார்களே, அவர் என்ன செய்தார்? ஒருத்திக்கு வார்த்தை தந்தார், மற்றவளோடு கண்ணீர் விட்டார். வார்த்தை வேண்டாமென்று நான் சொல்லவில்லை. படியுங்கள், பேசுங்கள், பதில் சொல்லுங்கள்! ஆனால் கேட்பவர் உட்கார முதலில் ஓர் இடம் கொடுங்கள்.

என்னப்பா பின்னால், “அவள் ஞானஸ்நானம் எடுத்தாளா?” என்றா கேட்கிறீர்கள்? இல்லை. வெள்ளிக்கிழமை விளக்கு இன்றும் எரிகிறது. இன்று காலை அவள்தான் என்னைக் கேட்டாள்: “உங்க கூட்டத்துல வந்து நான் அந்தக் கேள்விய கேக்கலாமாக்கா?” வா என்றேன். உங்களைக் கேட்காமலே, உங்களை நம்பிச் சொன்னேன்.

கடைசி வண்டி வந்துவிட்டது போலிருக்கிறது, வாசலில் வழிவிடுங்கள். பொறுத்துக் கேட்ட பெரியோருக்கும், கண் துடைத்துக் கேட்ட தாய்மாருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. சமாதானம் உங்கள் வீடுதோறும் தங்கட்டும்! வாம்மா நளினி, முன்னால் வா.

ரோனி அண்ணே, நீங்கள் வேண்டாம். மோசஸ் அண்ணே, இப்போது அந்தக் கர்ச்சீப்பை எடுங்கள்.