கணக்கில் தேறிய உடம்பு

"செத்துப்போன எங்க வீட்டுக்காரருக்கு உடம்பு தேறிருச்சுன்னு கணக்கு சொல்லுதாம், மதினி."

மேகமலையிலிருந்து சின்னமனூருக்கு இறங்கும் பேருந்து. முன் இருக்கையில் தோட்டத்துப் பெண்கள் இருவர். ஜன்னலில் பனி ஏறுவதும் கரைவதுமாக இருந்தது.

"என்னாத்தா சொல்லுற?"

"ஏலக்காச் செடிக்குப் பூச்சிமருந்து அடிக்கிறவுகளுக்கு என்ன கேடு வருதுன்னு பாக்க, ஆராய்ச்சிக்காரக ரெண்டு தடவ ரத்தம் எடுத்தாக. ரெண்டாவதுக்குள்ள அவுக போய்ச் சேந்துட்டாக. பட்டியல்ல அண்ணன் பேர அடிச்சுருவாகளேன்னு கொழுந்தன் அவுக பேருல கைய நீட்டிட்டான்."

"அடப்பாவி! அவன் மருந்துப்பக்கமே போனதில்லையே!"

"அதான். மருந்தால கேடில்லைன்னு கணக்கு திரும்பிறக் கூடாதுல்ல? உள்ளதச் சொல்லத்தான் போறேன்."

"பேர அடிச்சுட்டா?"

"யாருக்கோ கேக்குற மாதிரி ஆராய்ச்சிக்காரககிட்ட போன்ல கேட்டேன். செத்த தேதியச் சொன்னா, பேர அடிக்காம அதையும் சேத்துப் போடுற கணக்கு இருக்காம்."

"அப்பறம் ஏன் அழுகுற?"

"அந்தத் தேதிய எவுககிட்டயும் இன்னும் என் வாயால சொன்னதில்ல, மதினி."