அவ சொன்ன ‘ம்’

அந்த மூலையில இல்லண்ணே, புத்தக அலமாரிக்குப் பின்னாடி பாருங்க… கொஞ்சம் மேல… ஆங், அதேதான்! கண்டுபிடிக்கவே முடியலல்ல? அப்படித்தான் செஞ்சு வெச்சேன், என்னை நாலு அறை அறையணும். வீடு பூரா இந்த மாதிரி குட்டி மைக் இருபத்தி மூணு இருக்கு, ஒண்ணு விடாம கழட்டிடுங்க. ஏணி ஆடுதா? நான் புடிச்சுக்கறேன்.

என் பொழப்பே இதாண்ணே. வீட்டுக்குள்ள மிஷின் இருக்கணும், ஆனா இருக்கறதே தெரியக்கூடாது, சாப்பாட்டுல உப்பு மாதிரி. சுவிட்சைத் தேடக்கூடாது, போனை நோண்டக்கூடாது. மனுஷன் அவன் பாட்டுக்கு இருப்பான், வீடு தானா புரிஞ்சுக்கும். ஆபீஸ்ல இதைச் சொன்னா எல்லாரும் கை தட்டுவாங்க. அந்தக் கைதட்டல் கேட்டுத்தான் மொதல்ல நம்ம வீட்டுலயே பாத்துடுவோம்னு… வேலியில போன ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டேன்.

மொதல்ல விளக்கு. ஆள் அசைஞ்சா எரியும், அசையலன்னா அணைஞ்சிடும். என் வீட்டுக்காரி மொழிபெயர்ப்பு பண்றவ. ஒரே ஒரு வரியப் பாத்துக்கிட்டு அரை மணி நேரம் கல்லு மாதிரி உக்காந்திருப்பா. விளக்கு பட்டுனு அணைஞ்சிடும். “நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன்”னு இருட்டுல கைய ஆட்டுவா. நான் சிரிச்சேண்ணே, முட்டாப்பய!

அதோட விட்டேனா? பேச்சும் புரியட்டும்னு ஆரம்பிச்சேன். வீட்டுக்கு எதுக்கு உத்தரவு போடணும்? நாங்க ரெண்டு பேரும் பேசிக்கறதக் கேட்டு அதுவா செய்யட்டுமே. ஆனா நம்மாளுங்க எங்க ‘சரி’ன்னு வாயைத் தொறந்து சொல்றோம்? எல்லாத்துக்கும் ஒரு ‘ம்’தான்… பாருங்க, நீங்களே இப்ப ‘ம்’முன்னீங்க! அதனால ரெண்டு மாசம் அவ சொன்ன ‘ம்’மெல்லாம் பதிவு பண்ணி மிஷினுக்குப் பழக்கினேன். அறுநூத்திப் பதிமூணு. அவகிட்ட கேட்டுட்டா செஞ்சேன்னு கேக்கறீங்களா? இல்லண்ணே. சொன்னா இயல்பா பேசமாட்டாளேன்னு… சரி சரி, அப்படிப் பாக்காதீங்க.

ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னேன், “தங்கச்சி வீட்டுல மராமத்து நடக்குதாம். ரெண்டு மாசம் இங்க இருக்கட்டுமா? உன் வேலை ரூமை ஒழிச்சுக் குடுத்தா போதும்.” அவ தட்டைப் பாத்துக்கிட்டே “ம்…”முன்னு இழுத்தா. அவ்வளவுதான்! ‘அண்ணி சரின்னுட்டாங்க, வாங்க’ன்னு வீடே தங்கச்சிக்குச் சேதி அனுப்பிடுச்சு. மூணாம் நாள் கதவு தானா தொறக்குது. தங்கச்சி, மாப்பிள்ளை, ரெண்டு வாலுங்க, ஏழு பெட்டி! என் வீட்டுக்காரி கையில பேனாவோட வந்து நிக்கறா. “நான் எப்ப சரின்னேன்?”னு கேட்டா.

நான் என்ன பண்ணியிருக்கணும்? கால்ல விழுந்திருக்கணும். ஆதாரம் இருக்குன்னு அந்த ‘ம்’மைப் போட்டுக் காட்டினேண்ணே! நுணலும் தன் வாயால கெடும்பாங்க. ரெண்டு மாசமா ஒட்டுக் கேட்டது அத்தனையும் வெளிய வந்துடுச்சு. அவ கத்தல. கத்தியிருந்தா தேவலன்னு இருக்கு. அவங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டா, இன்னியோட பதினோரு நாள். தங்கச்சியும் “அண்ணி இல்லாத வீட்டுல நாங்க எப்படிண்ணா இருக்கறது”ன்னு பெட்டியத் தூக்கிட்டுக் கிளம்பிட்டா. சமைச்சா ரெண்டு பேருக்குச் சமைச்சுடறேன். பயமா இருக்குண்ணே, அவ வராமயே போயிடுவாளோன்னு.

என்ன? மிஷின்ல கோளாறான்னா கேக்கறீங்க? இல்லண்ணே… அதச் சொல்லத்தான் வாய் வரல. நேத்து அதோட பதிவையெல்லாம் எடுத்துப் பாத்தேன். நானூறு ‘ம்’முக்கு மேல அது என்னைக் கேட்டிருக்கு, ‘இது சம்மதமா, இல்லையா? எனக்குப் புரியல’ன்னு. நான்தான் டீயக் குடிச்சுக்கிட்டே போன்ல சம்மதம், சம்மதம், சம்மதம்னு அழுத்திட்டுப் போயிருக்கேன். நேத்து உக்காந்து ஒண்ணொண்ணாக் கேட்டேன். களைச்சுப் போன ‘ம்’, போதும் விடுங்கற ‘ம்’, வேணாம்னு சொன்னா நான் சண்டைக்கு வருவேனேங்கற ‘ம்’… அந்த மிஷினுக்கே சந்தேகம் வந்திருக்கு. பன்னெண்டு வருஷமாக் கூடவே இருக்கற எனக்கு வரலியே!

அட, ஏன் இறங்கிட்டீங்க? பையை வேற மூடறீங்க! இன்னும் இருபது பாக்கி இருக்கேண்ணே… என்னது? இதை அப்புறம் கழட்டிக்கலாமா? மொதல்ல அவங்க அக்கா வீட்டுக்குப் போகணுமா? போய் என்னத்தப் பேசறது?… பேசவே கூடாதா? சும்மா உக்காந்து, அவ சொல்றதக் கேக்கணுமா?

அண்ணே, நில்லுங்கண்ணே… அது எப்படின்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க!